பழைய வோக்ஸ்வேகன் டி3 கேம்பர் வேன்: காசு கொடுப்பதற்கு முன்

உள்ளேயே தங்கிச் சமைக்கக்கூடிய இந்த வேனைப் பிரிட்டனில் தேடுகிறீர்களா? கிளம்பும் முன்பே பதிவெண்ணைப் போட்டு எம்.ஓ.டி. சோதனை (வண்டி சாலையில் ஓடத் தகுதியானதா என்று பார்க்கும் ஆண்டுச் சோதனை) வரலாற்றை அரசுத் தளத்தில் இலவசமாகப் பாருங்கள். 'துரு' என்ற சொல் ஆண்டுதோறும் திரும்ப வந்தால் அது மேல்பூச்சால் மறைக்கப்பட்டிருக்கிறது, சரிசெய்யப்படவில்லை.

முதல் எதிரி துருதான். தகடுகள் சேரும் இணைப்புகளில் அடைத்த பசை விரிசல் விட்டால் உள்ளே தண்ணீர் இறங்கி, துரு உள்ளிருந்து வெளியே வரும். சமையல் அலமாரிக்குப் பின்புறம், சக்கர வளைவு, முன்கண்ணாடியின் கீழ்விளிம்பு ஆகிய இடங்களில் துணி சுற்றிய காந்தத்தை நகர்த்துங்கள். ஒட்டாத இடத்தில் பட்டி பூசியிருக்கிறார்கள். புது பெயின்ட் மணத்தில் மயங்க வேண்டாம்.

எஞ்சின் குளிர்ந்திருக்கும்போதுதான் ஸ்டார்ட் செய்ய வேண்டும். சூடாக்கி வைத்திருந்தால் காரணம் கேளுங்கள். நீர்க்குளிர்ச்சி பெட்ரோல் எஞ்சினில் பாஸ்பேட் கலந்த கூலன்ட் (எஞ்சினைக் குளிர்விக்கும் திரவம்) ஊற்றினால், அது சிலிண்டர்களை மூடும் அலுமினிய சிலிண்டர் ஹெட்டை அரிக்கும். ஹெட் சேரும் இடத்தில் ஈரமோ உப்புப் படிவமோ தெரிந்தால் பெரிய செலவு. எஞ்சின் பின்னால், ரேடியேட்டர் முன்னால். அதனால் இரண்டையும் இணைத்து அடியில் ஓடும் நீண்ட குழாய்களின் முனைகளையும் பாருங்கள். பெட்ரோல் ஹோஸில் விரிசல் இருந்தால் ஓட்டவே கூடாது, தீப்பிடிக்கும்.

கூரைத் துணி, மெத்தை எல்லாம் மாற்றக்கூடியவை. டயரின் வயதையும் பாருங்கள்: அதில் '2318' இருந்தால் 2018இன் 23ஆம் வாரம் தயாரானது.

துருவுக்கு வெல்டிங், ஹெட்டுக்குப் பழுதுபார்ப்பு இரண்டுமே தேவையென்றால் விலை பேசாமல் திரும்புங்கள்.