டர்ட் பைக்கில் கூலன்ட் எங்கே ஒழுகுகிறது?

எஞ்சின் முழுக்க ஆறிய பிறகே ரேடியேட்டர் மூடியைத் திறங்கள். சூட்டில் திறந்தால் கொதிக்கும் கூலன்ட் பீறிட்டு அடிக்கும். வண்டியைக் கழுவிக் காயவிட்டுத் தேடுங்கள், சேற்றுக்குள் கசிவு தெரியாது.

ஓவர்ஃப்ளோ குழாயில் கொஞ்சம் சொட்டுவது பெரும்பாலும் அளவுக்கு மேல் ஊற்றியதால்தான். நிற்காமல் சொட்டினால் மூடியின் ரப்பரையும் ஸ்பிரிங்கையும் பாருங்கள்.

அடுத்து பிரஷர் டெஸ்டர், அதாவது ரேடியேட்டர் மூடிக்குப் பதிலாக மாட்டிக் காற்றழுத்தம் ஏற்றும் கருவி. மூடியில் பொறித்துள்ள அழுத்தம் வரை மட்டும், பொதுவாக 1.1 முதல் 1.8 பார், ஏற்றி 10 நிமிடம் விடுங்கள். முள் இறங்கினால் டார்ச் அடித்து ஹோஸ் கிளாம்ப்கள், ரேடியேட்டரின் வெல்டிங் ஓரங்கள் என்று தேடுங்கள். கீழே விழுந்த வண்டியில் அந்த ஓரங்கள்தான் முதலில் விரிசல் விடும்.

வாட்டர் பம்ப்பின் அடியில் ஒரு சிறு துளை இருக்கும். அதில் கூலன்ட் வந்தால், பம்ப்பின் ஷாஃப்டைச் (சுழலும் தண்டு) சுற்றிக் கசிவைத் தடுக்கும் சீல் போய்விட்டது. துளையை மட்டும் அடைத்துவிடாதீர்கள். வெளியேற வழியில்லாமல் கூலன்ட் ஆயிலுக்குள் போகும். சீல் மாற்றும்போது ஷாஃப்டை நகத்தால் வருடுங்கள். பள்ளம் தட்டுப்பட்டால் ஷாஃப்டையும் மாற்றுங்கள், இல்லையேல் புது சீலும் சீக்கிரமே ஒழுகும்.

வெளியே ஈரமே இல்லாமல் அளவு குறைகிறதா? ஆயில் வெளுத்துக் கலங்கியிருந்தால் பம்ப் சீலோ ஹெட் கேஸ்கெட்டோ (சிலிண்டருக்கும் அதன் மேல்மூடிக்கும் நடுவே கசியாமல் அடைக்கும் தகடு) காரணம். இனிப்பு வாசனையோடு வெள்ளைப் புகை நிற்காமல் வந்தால் ஹெட் கேஸ்கெட்டைச் சந்தேகியுங்கள். இரண்டில் எது என்றாலும் சரிசெய்யும்வரை ஓட்டாதீர்கள்.