எலிக்கு ஸ்ட்ரோக் சரியாயிருச்சாம்! அந்த ஆராய்ச்சிப் பேப்பரை எப்படி வாசிக்கிறது?

மண்டபம், பாம்பன் பக்கத்து வாட்ஸ்அப் குரூப்புல அப்பப்ப ஒரு ஃபார்வேர்டு சுத்தும், நம்ம கடல்ல கிடைக்கிற பாசியில இருந்து எடுத்த சத்து பக்கவாதத்தை சரி பண்ணுது, ஆராய்ச்சியில நிரூபிச்சுட்டாங்கன்னு. லிங்க்கைத் தொறந்தா எலி. எலின்னதும் தூக்கிப் போட வேணாம், அப்படியே நம்பவும் வேணாம், சலிச்சு எடுக்கலாம் வாங்க.

ஸ்டெப் 1: ரிசல்ட்டை விட்டுட்டு நேரா மெத்தட்ஸ் பகுதிக்குப் போங்க

ஸ்ட்ரோக்கை எப்படி வரவச்சாங்கன்னு மொதல்ல பாருங்க. பெரும்பாலும் எலியோட கழுத்து ரத்தக்குழாய் வழியா மெல்லிசா ஒரு நைலான் இழையை ஏத்தி மூளையோட நடுத்தமனியை அடைப்பாங்க, கொஞ்ச நேரம் கழிச்சு உருவிருவாங்க. அப்புறம் மூளையை வில்லை வில்லையா நறுக்கி டிடிசிங்குற கரைசல்ல போட்டா உசுரோட இருக்க பகுதி செவந்துரும், செத்த பகுதி வெள்ளையாவே நிக்கும். அந்த வெள்ளையை அளக்குறதுதான் ரிசல்ட்டு. ஆனா செவப்பு எங்க முடியுது வெள்ளை எங்க ஆரம்பிக்குதுன்னு கோடு போடுறது பெரும்பாலும் ஒரு ஆளு, ஓரத்துல ரெண்டுங்கெட்டான் நிறத்துல ஒரு பட்டை இருந்தா அதை எந்தப் பக்கம் சேக்குறதுன்னு அவர்தான் முடிவு பண்ணணும். இது மருந்து குடுத்த எலின்னு அவருக்குத் தெரிஞ்சிருந்தா? பொய் சொல்லணும்னு நினைக்கவே வேணாம், கை தானா நகரும்.

ஸ்டெப் 2: ரேண்டம், பிளைண்ட் ரெண்டையும் தேடுங்க

எனக்கு இதுதான் மெயின், மத்ததெல்லாம் அப்புறம். கூண்டுக்குள்ள கையை விட்டா மொதல்ல சிக்குறது மந்தமான எலி, அப்படி சிக்குனதையெல்லாம் ஒரே குரூப்புல போட்டா மருந்து குடுக்குறதுக்கு முன்னாடியே கணக்கு கோணிரும். ஏலத்துல கூடைக்கு மேலாப்புல பெரிய மீனா அடுக்கி வச்ச கதைதான். அதனால எந்த எலி எந்த குரூப்புன்னு கம்ப்யூட்டர் மாதிரி ஏதாவது வச்சுப் பிரிச்சாங்களா, அளந்தவருக்கு குரூப் தெரியாம மறைச்சாங்களான்னு பாருங்க. "ரேண்டமா பிரிச்சோம்"னு ஒத்த வார்த்தை மட்டும் இருந்தா பாதி மார்க்தான், எப்படின்னு சொல்லணும்ல.

என்எக்ஸ்ஒய்-059னு ஒரு ஸ்ட்ரோக் மருந்து, விலங்குகள்ல பிரமாதம்னாங்க. 2006ல வந்த மொத பெரிய மனுச சோதனையும் நம்பிக்கையா இருந்துச்சு, 2007ல அதைவிடப் பெருசா பண்ணுனப்ப ஒண்ணுமில்லைன்னு ஆயிருச்சு. அப்புறம் 2008ல பழைய விலங்கு ஆராய்ச்சியையெல்லாம் கிளறிப் பாத்தா, ரேண்டமா பிரிச்சு குரூப்பை மறைச்சு அளந்த இடத்துல பலன் கம்மியாத்தான் இருந்திருக்கு.

ஸ்டெப் 3: மருந்தை எப்ப குடுத்தாங்க?

அடைப்பு வைக்கிறதுக்கு முன்னாடியே குடுத்திருந்தா அங்கேயே உஷாராகிருங்க. நாட்டுப்படகுல போன அண்ணனுக்கு நடுக்கடல்ல வாய் கோணுனா கரைக்கு வந்து ஆஸ்பத்திரி போறதுக்குள்ள எம்புட்டு நேரம் ஆகும்! மூளையில அடைச்ச ரத்தக்கட்டியைக் கரைக்கிற ஊசியே வழக்கமா நாலரை மணி நேரத்துக்குள்ள போடணும்.

ஸ்டெப் 4: எலி யாரு, எத்தனை?

நம்மூர்ல ஸ்ட்ரோக் வர்றது பெரும்பாலும் வயசானவங்களுக்கு, பிபி சுகர் இருக்கவங்களுக்கு. பேப்பர்ல இருக்குறது முக்காவாசி இளவட்ட ஆண் எலி, ஒரு நோயும் இருக்காது. ஒடம்புச் சூட்டை அளந்தாங்களான்னும் பாருங்க, சூடு இறங்குனாலே எலி மூளை தப்பிச்சுக்கும், பேரு மருந்துக்குப் போயிரும். மயக்கத்துக்குக் குடுக்குற கெட்டமினும் அப்படித்தான், அதுவே மூளையைக் காப்பாத்தலாம். எத்தனை எலி வேணும்னு முன்னாடியே கணக்குப் போட்டாங்களா, நடுவுல செத்தது எத்தனை, அதை ஏன் கணக்குல சேக்கலை, இதெல்லாம் இல்லாட்டி பேனாவால ஒரு பெருக்கல் குறி போட்டுருங்க.

இதுக்கெல்லாம் 2004ல விலங்கு ஆராய்ச்சிகளை அலசுற கேமரேட்ஸ் குரூப்பு பத்து கேள்வியில ஒரு பட்டியல் போட்டுருக்காங்க, ஆரம்பத்துக்கு அது போதும். பத்துக்கு ஆறுன்னு கூட்டிச் சொல்றதுல எனக்கு பெருசா நம்பிக்கையில்லை, எந்த ஆறுங்குறதுதான் விஷயம்.

ஸ்டெப் 5: வெளிய வராததையும் கணக்குல வைங்க

பலன் இல்லாத சோதனை பலதும் பெட்டியிலேயே தூங்கும். 2010ல வந்த ஒரு அலசல்ல, வெளிவராம போனதையும் கணக்கிட்டுச் சேத்தா ஸ்ட்ரோக் மருந்துகளோட சராசரிப் பலன் 31 சதவீதத்துல இருந்து 24க்கு இறங்குதுன்னு சொன்னாங்க.

கடைசியா, அதே மருந்தை வேற லேப்ல யாராச்சும் திரும்பப் பண்ணுனாங்களா, மனுசங்ககிட்ட சோதனை நடக்குதான்னு தேடுங்க. இந்தியாவுல நடக்குற சோதனைன்னா மருத்துவ சோதனைகளைப் பதியுற சிடிஆர்ஐ சைட்டுல பதிஞ்சிருக்கணும், ஃப்ரீதான், மருந்து பேரையும் ஸ்ட்ரோக்னும் போட்டாப் போதும்.