காலையில் சிரப் கொடுத்துப் பள்ளிக்கு அனுப்பாதீர்கள்: ஒன்றாம் வகுப்பு டீச்சர் பெற்றோருக்குச் சொல்வது

காலை ஏழரை மணிக்குக் கொடுத்த பாராசிட்டமால் சிரப்பின் வேகம் பதினொன்றரைக்கெல்லாம் அடங்கிவிடும். பத்தொன்பது வருடமாக ஒன்றாம் வகுப்பு எடுக்கிறேன், அந்த நேரம் எனக்கு மனப்பாடம். இடைவேளையில் ஓடியாடிய பிள்ளை சத்தமில்லாமல் சுவரோரம் போய்ச் சாயும். கண் பளபளக்கும், உதடு காய்ந்திருக்கும், கழுத்தில் கை வைத்தால் சுடும். "காலையில மருந்து குடிச்சியா கண்ணு?" என்று கேட்டால் தலையை ஆட்டும். "டீச்சர்கிட்ட சொல்லாதேன்னு அம்மா சொல்லுச்சு" என்பதையும் சேர்த்தே சொல்லிவிடும்.

அந்த அம்மா மேல் எனக்குக் கோபம் வந்ததில்லை. எங்கள் பள்ளி இருப்பது விருதுநகர் மாவட்டத்தில். பாதிப் பிள்ளைகளின் அம்மாக்கள் தீப்பெட்டி ஆபீசுக்கோ பட்டாசு ஆபீசுக்கோ (தொழிற்சாலையை இங்கே அப்படித்தான் சொல்வோம்) போகிறவர்கள். ஒரு நாள் வீட்டில் இருந்தால் ஒரு நாள் சம்பளம் போச்சு. ஆனால் சுடுகிற பிள்ளை என் வகுப்பில் முப்பது பேரோடு தரையில் ஒட்டி உட்கார்ந்திருக்கிறது. அடுத்த வாரம் எட்டுப் பேருக்குக் காய்ச்சல், எட்டு அம்மாக்களுக்குச் சம்பளம் போகும்.

அதனால் காலையில் முடிவெடுப்பதற்கு ஒரு வழி சொல்கிறேன். மருந்துக் கடையில் டிஜிட்டல் தெர்மாமீட்டர் ஒன்று வாங்கி வையுங்கள். தொட்டுப் பார்த்துச் சொல்வதை நம்ப முடியாது. அடுப்படியிலிருந்து வந்த கைக்கு எல்லாமே குளிர்ச்சியாகத்தான் தெரியும். கக்கத்தில் வைத்து, 'பீப்' சத்தம் வரும்வரை கையை இறுக்கிப் பிடித்திருங்கள். 100.4 டிகிரி இருந்தால் காய்ச்சல்தான். கக்கத்தில் கொஞ்சம் குறைவாகவே காட்டும் என்பதால் 99-ஐத் தாண்டினாலே அரை மணி கழித்து மறுபடி பாருங்கள். காய்ச்சல் என்றால் அன்று வீடுதான். மருந்து எதுவும் கொடுக்காமலே முழுதாக ஒரு நாள் காய்ச்சல் இல்லாமல் இருந்த பிறகு அனுப்புங்கள்.

சிரப் கொடுக்கும்போது பாட்டில் மேல் எழுதியிருப்பதைக் கட்டாயம் பாருங்கள். ஒரு பாட்டிலில் 5 மில்லிக்கு 120 மில்லிகிராம் இருக்கும், இன்னொன்றில் 250 இருக்கும். அக்கா பிள்ளைக்கு வாங்கிய பாட்டிலை எடுத்து "போன தடவை மாதிரியே ஒரு மூடி" என்று ஊற்றினால் மருந்து இரண்டு மடங்காகிவிடும். பிள்ளையின் எடையைச் சொல்லி, எத்தனை மில்லி என்று டாக்டரிடம் கேட்டு, பாட்டிலிலேயே பேனாவால் எழுதி ஒட்டிவிடுங்கள். சாப்பாட்டு ஸ்பூன் வேண்டாம், கூட வரும் அளவு மூடியிலேயே ஊற்றுங்கள்.

மழைக்காலத்தில் இன்னொன்று. காய்ச்சல் விட்டுவிட்டது என்று நிம்மதியாகிற நாள்தான் டெங்குவில் ஆபத்தான நாள். சூடு இறங்கிய பிறகு வயிற்று வலி, விடாத வாந்தி, கை கால் சில்லிடுவது, ஈறில் ரத்தம், தூங்கித் தூங்கி விழுவது என்று எது வந்தாலும் பள்ளிக்கல்ல, ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போங்கள்.

இனி, என்னை இதையெல்லாம் எழுத வைத்த விஷயத்துக்கு வருகிறேன்.

சில வருடங்களுக்கு முன் ஒரு பையன். ஐந்தரை வயது. எழுதிக்கொண்டிருந்தவன் பக்கவாட்டில் சரிந்தான். சிலேட்டு உருண்டு போனது. கண் மேலே சொருகி, கை கால் வெட்டிவெட்டி இழுத்தது. சத்தம் கேட்டு ஓடி வந்தவர்களில் ஒருவர் சாவிக்கொத்தை அவன் கையில் திணித்தார், இன்னொருவர் வாயில் ஸ்பூன் வைக்கப் போனார். நான் அதைத் தட்டிவிட்டு அவனை ஒருக்களித்துப் படுக்க வைத்தேன். சுற்றி நின்ற பிள்ளைகளை வெளியே அனுப்பச் சொல்லிவிட்டுக் கடிகாரத்தைப் பார்த்தேன். இரண்டு நிமிடத்தில் நின்றது. அந்த இரண்டு நிமிடம் இன்னும் எனக்குள் இருக்கிறது.

அவனுக்குக் காய்ச்சல் வந்தால் வலிப்பு வருமாம். மூன்று வயதிலேயே ஒரு முறை வந்திருக்கிறது. அன்று காலையிலும் சிரப் கொடுத்துத்தான் அனுப்பியிருக்கிறார்கள். "சொன்னா பள்ளிக்கூடத்துல சேர்க்க மாட்டாங்கன்னு பயந்துட்டோம் டீச்சர்" என்று அவன் அப்பா அழுதார். அவரைத் தேற்றத்தான் முடிந்தது. ஆனால் இதைப் படிக்கிற ஒவ்வொருவரிடமும் கெஞ்சிக் கேட்கிறேன், மறைக்காதீர்கள். சேர்த்த முதல் வாரத்திலேயே ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். இப்படி இருந்தால் போதும்:

"டீச்சருக்கு வணக்கம். என் மகளுக்குக் காய்ச்சல் அதிகமானால் வலிப்பு வரும். கடைசியாக வந்தது போன தை மாதம். வீசிங் உண்டு, பம்ப் பையின் முன் ஜிப்பில் இருக்கிறது. முட்டை சாப்பிட்டால் உடம்பில் தடிப்பு வரும். ஆகவே சத்துணவில் முட்டை வேண்டாம்."

இந்தத் தாள் என் மேசை டிராயரிலேயே இருக்கும். வலிப்பு வந்தால் இரும்பும் வேண்டாம், வாயில் எதுவும் வைக்கவும் வேண்டாம். ஒருக்களித்துப் படுக்க வைத்து நேரம் பார்க்க வேண்டும், ஐந்து நிமிடம் தாண்டினால் 108-ஐக் கூப்பிட வேண்டும். வீட்டில் பாட்டி தாத்தாவுக்கும் இதைச் சொல்லி வையுங்கள்.

அம்மை பற்றி. வேப்பிலை கட்டுவதும் விரதம் இருப்பதும் உங்கள் வீட்டு வழக்கம், நான் தலையிட மாட்டேன். ஆனால் "மூணு தண்ணி ஊத்தியாச்சு" என்பது பள்ளிக்கு அனுப்பும் கணக்கல்ல. கொப்புளம் எல்லாம் காய்ந்து பொருக்குத் தட்டியிருக்க வேண்டும். முதுகையும் தலைமுடிக்குள்ளும் பாருங்கள், நீர் கோத்த கொப்புளம் ஒன்று இருந்தாலும் ஒட்டும். பொன்னுக்கு வீங்கி என்றால் வீக்கம் தொடங்கி ஐந்து நாள் வீட்டில் இருக்கட்டும். வயிற்றுப்போக்கு நின்று ஒரு நாளாவது ஆகட்டும். அதுவரை ஒரு லிட்டருக்கான ஓஆர்எஸ் பொடி பாக்கெட்டை ஒரு லிட்டர் தண்ணீரில் முழுதாகக் கரைத்துக் கொடுங்கள். பாதிப் பாக்கெட்டை ஒரு டம்ளரில் கலக்கக் கூடாது.

பேனுக்கு லீவு வேண்டாம். மருந்து போட்டு ஒரு வாரம், பத்து நாளில் மறுபடி போட வேண்டும், ஈர் பொரிந்து வரும் காலம் அது. அதுவரை ஒன்று விட்டு ஒரு நாள் ஈரத் தலையில் பேன் சீப்பு போடுங்கள். ஒரு பிள்ளையைப் பார்த்து "பேன் தலை" என்று இன்னொரு பிள்ளை சொன்னால் எனக்குத் தாங்காது, அதனால் தயவுசெய்து வீட்டில் அப்படிப் பேசாதீர்கள். சிரங்கு என்றால் வீட்டில் எல்லாரும் ஒரே நாளில் மருந்து பூச வேண்டும். பிள்ளைக்கு மட்டும் பூசினால் அண்ணன் படுத்த பாயிலிருந்தே திரும்பி வந்துவிடும்.

தண்ணீர் விஷயம் சின்னதாகத் தெரியும். மாலையில் வீட்டுக்கு வந்ததும் பாட்டிலைத் தூக்கிப் பாருங்கள். காலையில் இருந்த கனம் அப்படியே இருந்தால் காரணம் கேளுங்கள். பல பெண் பிள்ளைகள் கழிவறைக்குப் போகப் பயந்து தண்ணீரே குடிப்பதில்லை. கதவு கொண்டி எட்டாது, உள்ளே இருட்டு, பாவாடை நனைந்துவிடும் என்று ஒவ்வொருவருக்கும் ஒரு பயம். அடக்கி அடக்கிக் கடைசியில் நீர்க்கடுப்பும் காய்ச்சலும் வரும். என்ன பயம் என்று தெரிந்துகொண்டு என்னிடம் வந்து சொல்லுங்கள். எங்கள் பள்ளியில் கொண்டியைக் கீழே இறக்கி வைத்தது ஒரு அம்மா வந்து சொன்னதால்தான்.

2023 ஆகஸ்டில் காலை உணவுத் திட்டம் எங்கள் பள்ளிக்கும் வந்த பிறகு பத்து மணி வயிற்று வலி குறைந்திருக்கிறது. எட்டே காலுக்குள் அனுப்பிவிடுங்கள், கிச்சடி சூடாகக் கிடைக்கும்.

குடற்புழு மாத்திரை கொடுக்கும் நாளில் பிள்ளையை வீட்டில் நிறுத்தாதீர்கள். வருடத்தில் இரண்டு தடவை, பெரும்பாலும் பிப்ரவரியிலும் ஆகஸ்டிலும் வரும். அல்பெண்டசோல் 400 மில்லிகிராம், மென்று தின்ன வேண்டிய ஒரே ஒரு மாத்திரை. வயிற்றில் புழு அதிகம் இருந்தால் லேசாகக் குமட்டும், அது போய்விடும். அன்று காய்ச்சல் இருந்தாலோ வேறு மருந்து ஓடிக்கொண்டிருந்தாலோ சொல்லுங்கள், விடுபட்டவர்களுக்கென்று இன்னொரு நாள் உண்டு. ஐந்து வயதில் போட வேண்டிய டிபிடி ஊசி போட்டாயிற்றா என்று தடுப்பூசி அட்டையையும் எடுத்துப் பாருங்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் காசில்லாமல் போடுகிறார்கள்.

கடைசியாக போன் நம்பர். பட்டாசு ஆபீசுக்குள் செல்போன் கொண்டுபோக முடியாது என்று எனக்குத் தெரியும். அதனால் உங்கள் நம்பரோடு இன்னும் இரண்டு நம்பர் கொடுங்கள். பகலில் வீட்டில் இருக்கும் பாட்டியுடையதோ பக்கத்து வீட்டு அக்காவுடையதோ ஒன்று, உங்கள் போர்மேனுடையது ஒன்று. "நான் வர முடியாவிட்டால் பிள்ளையை இவரிடம் அனுப்பலாம்" என்று எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். சிம் மாற்றினால் அன்றே சொல்லி அனுப்புங்கள்.