வேலைத்தலத்தில் நிறுத்தும் வண்டியில் துவக்கு (துப்பாக்கி): விதி எழுதும் முறை

கிளிநொச்சியில் நெல் ஆலை நடத்துகிறேன். இரவில் வயலில் காட்டுப்பன்றிக் காவல் முடித்து நேரே வேலைக்கு வருபவர், அனுமதி பெற்ற துவக்கை உழவு இயந்திரப் பெட்டியிலேயே விட்டுவிடுவார். இதற்கு எழுத்தில் விதி வேண்டும்.

அமெரிக்க மாதிரியைப் பார்த்து எழுதாதீர்கள். டெக்சாஸில் 2011 சட்டப்படி, ஊழியர் பூட்டிய சொந்தக் காரில் சட்டபூர்வத் துப்பாக்கி வைப்பதைப் பெரும்பாலான முதலாளிகள் தடுக்க முடியாது. இங்கே அனுமதியே ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டியது.

நான் எழுதியது: துவக்கை வீட்டில் பூட்டிவிட்டு வரவும், அரை மணி பிந்தினாலும் சம்பளம் வெட்டப்படாது. இரண்டாவது பாதியை விடாதீர்கள். அது இல்லாவிட்டால் சாக்குக்குக் கீழே ஒளித்துக் கொண்டுவருவார்கள், மூட்டை ஏற்றும் பொடியன் கை வைப்பான். அப்புறம், ஆளைத் தனியே கூப்பிட்டுச் சொல்லுங்கள். யாரிடம் துவக்கு இருக்கிறதென்று ஊருக்குத் தெரியக் கூடாது.