மலை வீட்டில் அறைக்கு அறை பாட்டு: ரவுட்டர் வாங்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

குன்னூர், கோத்தகிரி பக்கம் ஹோம்ஸ்டே திறப்பவர்களுக்கு இப்போது ஒரே ஆசை. ஹாலில் போடும் பாட்டு வராந்தாவிலும் சாப்பாட்டு அறையிலும் சேர்ந்து ஒலிக்க வேண்டும். ஸ்பீக்கருக்குத் தாராளமாகச் செலவழிக்கிறார்கள். ரவுட்டர் என்று வந்ததும் சறுக்குகிறார்கள், அதுவும் வீடுகளுக்கு நெட்வொர்க் போட்டுக் கொடுக்கும் எங்களைப் போன்றவர்கள் தொழில் பழகிய காலத்தில் சறுக்கிய அதே இடங்களில். ரவுட்டரை பீரோவுக்குள் வைப்பது, மைக்ரோவேவ் அடுப்பின் மேல் வைப்பது மாதிரி விஷயங்களை விட்டுவிடுகிறேன். அவை யாரும் சொல்லாமலே தெரியும்.

பெட்டியில் உள்ள எண்ணை நம்புவது

ஏஎக்ஸ்3000 என்று போட்டிருந்தால் உங்கள் போனுக்கு 3000 எம்பிபிஎஸ் (விநாடிக்கு இத்தனை மெகாபிட் என்ற வேகம்) வரும் என்று பொருளில்லை. வைஃபை பேசும் இரண்டு அலைவரிசைகளில், 2.4 கிகாஹெர்ட்ஸில் 574, 5 கிகாஹெர்ட்ஸில் 2402, இரண்டையும் கூட்டி ரவுண்டாக்கிய கணக்கு அது.

பாட்டுக்கு அவ்வளவு வேண்டவும் வேண்டாம். வழக்கமான ஸ்ட்ரீமிங் 320 கேபிபிஎஸ், அதாவது 0.32 எம்பிபிஎஸ். சிடி தரம் 1.4 எம்பிபிஎஸ். 24 பிட், 192 கிலோஹெர்ட்ஸ் என்று ஆடியோ பித்து முற்றிப் போனாலும், சுருக்காத நிலையில் 9.2 எம்பிபிஎஸ்தான். அதனால் கடையில் வேகத்தைக் கேட்காதீர்கள். கேபிள் செருக நாலு கிகாபிட் லேன் போர்ட் இருக்கிறதா, ஆக்சஸ் பாயிண்ட்டாக (கேபிளில் வரும் நெட்டை வைஃபையாகக் கொடுப்பது மட்டுமே வேலை) மாற்ற முடியுமா, சேனலை, அதாவது வைஃபை பேசும் தடத்தை, கையால் தேர்ந்தெடுக்க விடுமா என்று கேளுங்கள்.

கல் சுவரை ரிப்பீட்டரால் ஜெயிக்கப் பார்ப்பது

இதைப் பார்த்தால் எனக்கு இன்னும் எரிச்சல் வருகிறது.

கட்டபெட்டு அருகே ஒரு பழைய எஸ்டேட் பங்களா. ஒன்றரை அடி கல் சுவர், ஹாலுக்கும் வராந்தாவுக்கும் நடுவில் ஃபயர்பிளேஸும் அதன் புகைபோக்கியும், மேலே தகரக் கூரை. காலை டிபன் நேரத்தில் பாட்டு போட்டால் வராந்தா ஸ்பீக்கர் மட்டும் பல்லவி நடுவில் வாயை மூடிக்கொள்ளும், சரணத்தில் திரும்ப வரும். உரிமையாளர் முதலில் ஒரு ரிப்பீட்டர் வாங்கினார், ரவுட்டரின் வைஃபையை வாங்கித் திரும்ப அனுப்பும் பெட்டி அது. கடைக்காரர் யோசனைப்படி இரண்டாவது வந்தது. பிறகு ஸ்பீக்கரையே மாற்றினார். கடைசியாக மூன்றாவது ரிப்பீட்டர். நான் போனபோது போனை நீட்டி, “தம்பி, வராந்தாவுல ஃபுல் பாயிண்ட் காட்டுது பாருங்க, நெட்காரங்கதான் ஏமாத்துறாங்க” என்றார்.

ஏமாற்றியது அந்த ஃபுல் பாயிண்ட்தான். போனில் தெரியும் கோடுகள் போனுக்கும் ரிப்பீட்டருக்கும் இடையே உள்ள சிக்னலைக் காட்டுபவை. ரிப்பீட்டருக்கும் ரவுட்டருக்கும் நடுவில் கல் சுவரில் என்ன நடக்கிறது என்பது அதில் தெரியாது. 5 கிகாஹெர்ட்ஸ் அந்த மாதிரிச் சுவர் இரண்டைத் தாண்டினால் கிட்டத்தட்ட ஒன்றும் மிஞ்சாது. 2.4 கொஞ்சம் ஊடுருவும், ஆனால் மெலிந்துதான் வந்து சேரும்.

சரி, வீடியோ மட்டும் எப்படி ஓடுகிறது? வீடியோ பார்ப்பது ஒரே திரையில். அது சில நொடிகளுக்கு வேண்டியதை முன்கூட்டியே இறக்கி வைத்துக்கொள்கிறது. நடுவில் சிக்னல் தடுமாறினாலும் நமக்குத் தெரிவதில்லை. அறைக்கு அறை பாட்டு என்றால் எல்லா ஸ்பீக்கரும் ஒரே கடிகாரத்தைப் பார்த்து ஒரே கணத்தில் பாட வேண்டும். தாமதமாக வந்த பாட்டுத் துண்டை (பாக்கெட்) வைத்து அவை ஒன்றும் செய்ய முடியாது, அமைதியாகிவிடும்.

அப்புறம் இன்னொன்று. இப்படிப்பட்ட பல அமைப்புகளில் குரூப்பில் ஒரு ஸ்பீக்கர்தான் தலைவர். பாட்டை அது வாங்கி மற்றவற்றுக்கு அனுப்பும். தலைவர் ரிப்பீட்டர் பக்கம் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ரவுட்டரிலிருந்து ரிப்பீட்டர், அங்கிருந்து தலைவர்: 2 தாவல். தலைவரிடமிருந்து ரிப்பீட்டர் வழியாக ரவுட்டருக்குப் போய் ஹால் ஸ்பீக்கர்: இன்னும் 3. ரிப்பீட்டர் பக்கமே உள்ள மூன்றாவது ஸ்பீக்கருக்கு மேலும் 2. ஒரே பாட்டு காற்றில் 7 முறை பறக்கிறது. ஒற்றை ரேடியோ உள்ள ரிப்பீட்டர் கேட்கும்போது பேச முடியாது, பேசும்போது கேட்க முடியாது, அதனால் அதன் வேகம் அங்கேயே பாதியாகிறது. அந்த வீட்டில் இப்படி மூன்று பெட்டிகள், மூன்றும் ஒரே சேனலில்.

மெஷ், அதாவது பல பெட்டிகள் சேர்ந்து ஒரே வைஃபையாக இயங்கும் செட், வாங்கினால் சரியாகிவிடுமா என்று கேட்பார்கள். பெட்டிகள் ஒன்றோடு ஒன்று வைஃபையிலேயே பேசிக்கொண்டால் கல் சுவர் அதே கல் சுவர்தான். அந்தப் பேச்சுக்கென்றே தனி பேண்ட் (அலைவரிசை) ஒதுக்கிய மாடல்கள் தேவலை, ஆனால் விலையைப் பார்த்தால் கேபிள் இழுத்துவிடலாம்.

கேபிள்தான் இழுத்தோம். மரச் சீலிங்குக்கும் தகரத்துக்கும் நடுவில் கேட்6 ரக நெட்வொர்க் கேபிள், பிவிசி குழாய்க்குள். குழாய் இல்லாவிட்டால் எலி விடாது. புகைபோக்கியை ஒட்டி இறக்கக் கூடாது, சூட்டில் மேலுறை இளகிவிடும். வராந்தா ஓரத்தில் ஒரு ஆக்சஸ் பாயிண்ட், சாப்பாட்டு அறையில் ஒன்று. ரிப்பீட்டர்கள் மூன்றும் அட்டைப்பெட்டிக்குப் போயின. அவற்றுக்குக் கொடுத்த காசில் கேபிளும் ஆள் கூலியும் போக மிச்சம் இருந்திருக்கும்.

கேபிள் வாங்கும்போது உள்கம்பியைக் கத்தியால் லேசாகச் சுரண்டிப் பாருங்கள். செம்பு நிறத்துக்கு அடியில் வெள்ளையாகத் தெரிந்தால் அது அலுமினியத்துக்குச் செம்பு பூசியது, திருப்பிக் கொடுத்துவிடுங்கள். நல்ல செம்புக் கேபிள் 100 மீட்டர் வரை தாங்கும்.

காட்டேஜுக்கும் அதே கேபிளை இழுப்பது

வேண்டாம். ஏப்ரல், மே கோடை மழையிலும் ஐப்பசி மழையிலும் இங்கே இடி இறங்குகிறது. இரண்டு கட்டடங்களுக்கு நடுவே வெளியில் போகும் செம்புக் கம்பி இரண்டு பக்கத்துப் பெட்டிகளையும் சேர்த்தே பொசுக்கும். உலோகக் கம்பி இல்லாத ஃபைபரும் இரண்டு முனையில் மீடியா கன்வர்ட்டரும் (ஃபைபரின் ஒளியைச் செம்புக் கேபிளுக்கான மின்சிக்னலாக மாற்றும் பெட்டி) போடுங்கள்.

ஒரு வீட்டில் இரண்டு ரவுட்டர் ஆட்சி

நெட்காரர் வைத்த பெட்டியும் வைஃபை கொடுக்கிறது, நீங்கள் வாங்கிய ரவுட்டரும் கொடுக்கிறது. போன் ஒன்றில், ஸ்பீக்கர் மற்றொன்றில். ஆப்பைத் திறந்தால் ஸ்பீக்கர் தென்படாது. புது ரவுட்டரை ஆக்சஸ் பாயிண்ட் ஆக்குங்கள், அல்லது நெட்காரரிடம் சொல்லி அவர் பெட்டியை பிரிட்ஜ் மோடில் (நெட்டை உங்கள் ரவுட்டருக்கு அப்படியே கடத்திவிடும் நிலை) போடச் சொல்லி வைஃபையை அணையுங்கள். அதன் பிறகும் ஸ்பீக்கர்கள் வந்து வந்து மறைந்தால், ரவுட்டரில் ஐஜிஎம்பி ஸ்னூப்பிங் (பல கருவிகளுக்குப் பொதுவாகப் போகும் தகவலை யாருக்கு வேண்டும் என்று பார்த்து அனுப்பும் வசதி) என்ற ஒரே ஒரு அமைப்பை மட்டும் மாற்றிப் பாருங்கள். மற்றவற்றைத் தொட வேண்டாம்.

ஸ்பீக்கரை கெஸ்ட் நெட்வொர்க்கில் சேர்ப்பது

விருந்தினருக்கென்று ரவுட்டர் பிரித்துக் கொடுக்கும் அந்த வைஃபையில் கருவிகள் பெரும்பாலும் ஒன்றையொன்று பார்க்க முடியாது. முடிந்தது.

சேனலை ஆட்டோவில் விடுவது

5 கிகாஹெர்ட்ஸில் 52 முதல் 144 வரையிலான சேனல்கள் ரேடாரோடு பகிர்ந்துகொள்பவை. ரேடார் என்று சந்தேகம் வந்தாலே ரவுட்டர் இடத்தைக் காலி செய்ய வேண்டும். அதே வரிசையில் வேறு சேனலுக்குப் போனால் குறைந்தது 60 விநாடி காதைத் தீட்டிக் கேட்ட பிறகே பேசலாம். பாட்டு அத்தோடு நின்றுவிடும். 36 முதல் 48, அல்லது 149 முதல் 161, இதற்குள் ஒன்றைக் கையால் போட்டுவிடுங்கள். 2.4 என்றால் 1, 6, 11, அகலம் 20 மெகாஹெர்ட்ஸ். ஊட்டி சேரிங் கிராஸ் மாதிரி நெருக்கடியான இடத்தில் பக்கத்துக் கடை எதில் இருக்கிறது என்று பார்த்து, அதை விட்டு மற்றதில் நில்லுங்கள்.

பனிமூட்டத்தைக் குறை சொல்வது

பனி வைஃபையை ஒன்றும் செய்யாது. கரண்டைப் பாருங்கள்.

ரவுட்டருக்கு மட்டும் யுபிஎஸ் வைப்பது

தென்மேற்குப் பருவமழையில் மரம் விழுந்து கரண்ட் போவது இங்கே வாடிக்கை. ரவுட்டருக்கு மினி யுபிஎஸ் வாங்குபவர்கள் ஃபைபர் வந்து சேரும் பெட்டியையும் ஆக்சஸ் பாயிண்ட்டையும் மறந்துவிடுகிறார்கள். கரண்ட் திரும்பியதும் எல்லாம் ஒரே நேரத்தில் எழும்புகின்றன. ஸ்பீக்கர் முந்திக்கொண்டு நெட்வொர்க்கைத் தேடிக் கிடைக்காமல் குரூப்பை விட்டு வெளியே நிற்கும். மூன்று பெட்டிக்கும் மின்சாரம் விடாமல் இருக்கட்டும். வாங்கும் முன் ஒவ்வொரு அடாப்டரிலும் 9 வோல்ட்டா 12 வோல்ட்டா, எத்தனை ஆம்பியர் என்று அச்சிட்டிருப்பதை போனில் படம் பிடித்துக்கொண்டு கடைக்குப் போங்கள்.