மெகசினைக் காலி பண்ணிவிட்டுப் புறப்படுங்கள்: சுடுபோட்டிக்கு ரவை கொண்டுபோகும் முறை

திருச்சியில் ஒரு கல்யாணம் என்று பயணப் பையை அலமாரி மேலிருந்து இறக்கி, தூசி தட்டுவதற்காகத் தலைகீழாகக் கவிழ்த்தேன். பழைய பஸ் டிக்கெட் ஒன்று, இஞ்சி டொபி இரண்டு, அப்புறம் டங்கென்று ஏதோ தரையில் விழுந்து கட்டிலுக்கடியில் உருண்டு போனது. குனிந்து எடுத்துப் பார்த்தால் .22 ரவை, அதாவது விளையாட்டுத் துவக்குக்குப் போடுகிற சின்னத் தோட்டா. பித்தளையில் லேசாகப் பச்சை பூத்திருந்தது. எந்தப் போட்டிக்குப் போய் வந்தபோது பையின் உள்மடிப்பில் தங்கியதோ தெரியாது. அதோடு கட்டுநாயக்க விமான நிலையத்துக்குப் போயிருந்தால் கல்யாணச் சாப்பாடு எங்கே, நான் எங்கே.

எங்கள் சுடுவிளையாட்டுக் கிளப்புக்குப் புதிதாக வருகிற தம்பிமார் எல்லாரும் கேட்கிற கேள்வி ஒன்றுதான்: "அண்ணே, வீட்டிலேயே மெகசினை நிரப்பிக்கொண்டு போகலாமா, அங்கே போய் நேரம் மிச்சமாகுமே?" மெகசின் என்றால் ரவையை அடுக்கித் துவக்கில் மாட்டுகிற கூடு. வேண்டாம் என்பதுதான் என் பதில். ஏன் என்பதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் கடதாசி. இலங்கையில் துவக்கு சம்பந்தப்பட்ட எல்லாம் 1916ஆம் ஆண்டு 33ஆம் இலக்கத் துப்பாக்கிகள் கட்டளைச் சட்டத்தைச் சுற்றித்தான் நிற்கிறது. வெள்ளைக்காரன் காலத்துச் சட்டம், பிறகு பல தடவை திருத்தியிருக்கிறார்கள். 1996ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு தானியங்கித் துப்பாக்கியோடு பிடிபட்டால் ஆயுள் தண்டனை வரை போகும், ஆகவே பொலிஸ்காரர் ஒரு மெகசினைக் கண்டதும் முகம் மாறுவதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. அவர் செய்தியில் பார்த்த மெகசின் எல்லாம் ரி-56 என்கிற தானியங்கித் துவக்கின் மெகசின். உங்கள் கையில் இருப்பது ஐந்து ரவை போடுகிற விளையாட்டுப் பிஸ்டலின் மெகசின் என்று இருட்டில் டோர்ச் வெளிச்சத்தில் அவருக்கு எப்படித் தெரியும்?

அனுமதிப்பத்திரம் டிசம்பர் 31 வரைக்கும்தான். வருடக் கடைசியில் புதுப்பிக்காமல் விட்டுவிட்டு ஜனவரியில் பழைய பத்திரத்தைப் பையில் வைத்துக்கொண்டு போட்டிக்குப் புறப்படுவது, பத்திரமே இல்லாமல் போவதற்குச் சமம். ஒரிஜினலைக் கையில் வைத்திருங்கள், போட்டோ கொப்பி ஒன்று வேறு இடத்தில் இருக்கட்டும். போட்டி அழைப்புக் கடிதம், கிளப் அங்கத்துவ அட்டை, தேசிய அடையாள அட்டை, ரவை வாங்கிய பற்றுச்சீட்டு எல்லாவற்றையும் ஒரே ஃபைலில் போடுங்கள். தேடித் தடவுகிற நேரத்தில்தான் சந்தேகம் வளரும்.

நம் பக்கத்துக்கே உரிய ஒரு சிக்கல் இருக்கிறது. வெலிமடை, ஊவா பரணகம பக்கம் மரக்கறித் தோட்டம் வைத்திருக்கிற பல வீடுகளில் பன்றி விரட்டப் பன்னிரண்டு போர் (12 bore) துவக்கு இருக்கும். அது பயிர்ப் பாதுகாப்புக்கென்று மாவட்டச் செயலகம் வழியாகக் கிடைத்தது, அப்பா பெயரில் இருக்கும். விளையாட்டுத் துவக்கு அப்படி இல்லை, தேசிய சுடுவிளையாட்டுச் சம்மேளனத்தின் சிபாரிசோடு பாதுகாப்பு அமைச்சு வரை போகிற விஷயம். அப்பாவின் துவக்கையும் அவருடைய தோட்டாவையும் மகன் தூக்கிக்கொண்டு கொழும்புப் பக்கம் போட்டிக்குப் போனால், வீட்டுச் சொத்துத்தானே என்ற பேச்சு எடுபடாது. பத்திரத்தில் யார் பெயரோ அவர் கையில்தான் இருக்க வேண்டும், எதற்குக் கொடுத்தார்களோ அதற்குத்தான் பாவிக்க வேண்டும். வீட்டில் மருந்து அடைத்துத் தோட்டா செய்கிற பழைய பழக்கம் இன்னும் யாருக்காவது இருந்தால் விட்டுவிடுங்கள், அது 1956ஆம் ஆண்டு வெடிபொருள் சட்டத்துக்குள் போய் விழும். மிருகங்களுக்குப் பொறியாகக் கட்டுத்துவக்கு வைக்கிறவன் என்ற பெயரும் சேர்ந்து வரும்.

சரி, மூட்டை கட்டுவதற்கு வருவோம்.

நான் மூன்றாகப் பிரிக்கிறேன். துவக்கு ஒரு பூட்டிய பெட்டியில், போல்ட்டைக் கழற்றி அல்லது ரவை போகிற அறை திறந்தபடி, காலி என்று தெரிய உள்ளே ஒரு நிறக் கொடியோ நூலோ செருகி. ரவை கடையில் வந்த அட்டைப் பெட்டியிலேயே, அந்த அட்டைப் பெட்டி இன்னொரு பூட்டுப் போட்ட சிறிய டப்பாவுக்குள். மெகசின் காலியாக, தனியே ஒரு துணிப்பையில். வேனில் துவக்குப் பெட்டி பின்பக்கம், ரவை டப்பா முன் சீட்டுக்கு அடியில் அல்லது இன்னொரு மூலையில். டேஷ்போர்டில் வைக்காதீர்கள், என்ஜின் சூட்டுப் பக்கமும் வேண்டாம்.

அட்டைப் பெட்டியிலேயே வைக்கச் சொல்வதற்குக் காரணம் எண்ணிக்கை. .22 பெட்டி திறந்தால் ஐம்பது குழி. பதினேழு காலி என்றால் முப்பத்து மூன்று இருக்கிறது, பார்த்தவுடன் தெரியும். பெட்டியின் மேல் என்ன ரகம், எத்தனை என்று அச்சடித்திருக்கும், பொலிஸ்காரர் பத்திரத்தோடு வைத்து ஒப்பிட இரண்டு நிமிடம் போதும். மெகசினில் போட்டுவிட்டால் மேலே ஒரு ரவைதான் கண்ணுக்குத் தெரியும், கீழே நாலா ஐந்தா என்று உங்களுக்கே நிச்சயமில்லை. என் பையில் தங்கிய அந்த ஒரு ரவையும் அப்படி நிரப்பி, பிறகு அவசரத்தில் விரலால் தள்ளித் தள்ளிக் காலி பண்ணும்போது தவறியதுதான் என்று நினைக்கிறேன். நிரம்பிய மெகசின் கிடந்தால் ஸ்பிரிங் தளர்ந்துவிடும் என்று சிலர் சொல்வார்கள், அது பெரிய விஷயமில்லை, ஸ்பிரிங் தேய்வது திரும்பத் திரும்ப நிரப்பிக் காலி பண்ணுவதில்தான். நான் பயப்படுவது ஸ்பிரிங்குக்கு இல்லை, பக்கத்திலேயே துவக்கும் இருந்தால் இரண்டையும் சேர்க்க இரண்டு செக்கன் போதும் என்பதற்கு. சோதனை பண்ணுகிறவர் கண்ணுக்கும் அது அப்படித்தான் தெரியும்.

இன்னொன்று, நம் ஊர் ஈரம். பண்டாரவளையில் மழைக்காலத்தில் சுவரே வேர்க்கும்போது ரவை எம்மாத்திரம். அப்பாவிடம் பழைய கடதாசித் தோட்டா கொஞ்சம் இருந்தது, ஒரு மழைக்காலம் முழுக்கச் சாக்கு மடிப்பில் கிடந்து ஊதிப்போய், குழலுக்குள் பாதி போய்ச் சிக்கிக்கொண்டது. குச்சியால் தட்டி எடுக்கப் பார்த்தவரை அம்மா கத்திய கத்தில் லயமே எழுந்தது. அம்மா கத்தியதுதான் சரி. டப்பாவுக்குள் சிலிக்கா ஜெல் பொட்டலம் இரண்டு போடுங்கள், சப்பாத்துப் பெட்டியில் வருகிறதே அதுவே போதும். பச்சை பூத்ததை, ஊதியதைப் போட்டிக்குக் கொண்டுபோகாதீர்கள், கிளப்பில் ஒப்படையுங்கள்.

பாதை. பண்டாரவளையிலிருந்து ஹப்புத்தளை, பெரகல, பெலிஹுல்ஓய, பலாங்கொடை, இரத்தினபுரி என்று இறங்குங்கள், ஹட்டன் ஆட்கள் கினிகத்தேனை, கித்துல்கலை, அவிசாவளை. நேரே போய் நேரே வாருங்கள், இடையில் சித்தி வீட்டில் இரவு தங்குகிற யோசனை எல்லாம் வேண்டாம், துவக்கு வெளியே வேனில் கிடக்கும், உங்களுக்குத் தூக்கம் வராது. முக்கியமாக, ஓஹியவிலிருந்து பட்டிப்பொலைக்குக் குறுக்கே போகலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். அந்தப் பாதை ஹோர்ட்டன் சமவெளித் தேசியப் பூங்காவுக்குள்ளால் போகிறது. அனுமதியில்லாமல் பூங்காவுக்குள் துவக்கு கொண்டுபோவது வனஜீவராசிகள் சட்டத்தில், அதாவது 1937ஆம் ஆண்டு 2ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தில், தனிக் குற்றம். பூட்டிய பெட்டிக்குள் இருந்தது, நான் மானைச் சுடப் போகவில்லை, போட்டிக்குப் போகிறேன் என்று வாசலில் நின்று விளக்கிக்கொண்டிருக்க வேண்டிவரும்.

பஸ்ஸிலும் ரயிலிலும் ரவை கொண்டுபோகாதீர்கள். பதுளை ரயிலில் நிற்கவே இடமில்லாத நேரத்தில் உங்கள் பெட்டி யார் காலடியில் போகும் என்று சொல்ல முடியாது. நாலு பேர் சேர்ந்து வேன் பிடித்தால் செலவும் பெரிதாக வராது.

சோதனைச் சாவடியில் நிறுத்தினால் என்ஜினை நிறுத்துங்கள், உள் லைட்டைப் போடுங்கள், இரண்டு கையும் ஸ்டியரிங்கில் தெரியட்டும். அவர் கேட்க முன் நீங்களே சொல்லுங்கள்: "மஹத்தயா, பின்னுக்கு விளையாட்டுத் துவக்கு இருக்கு, ரவை வேறு பெட்டியில், லைசன் இந்தா." சிங்களம் தெரிந்தால் சிங்களத்தில். சொல்லிவிட்டு அதை எடுத்துக் காட்டுகிறேன் என்று நீங்களாகப் பின்னால் கைபோடாதீர்கள். அவர் சொன்னால் மட்டும், மெதுவாக. அவர் எண்ணச் சொன்னால் எண்ணுங்கள், அப்போதுதான் அந்த அட்டைப் பெட்டியின் அருமை தெரியும்.

சுடுதளத்துக்குப் போனபின் விதி வேறு. ஐ.எஸ்.எஸ்.எஃப், அதாவது சர்வதேச சுடுவிளையாட்டுச் சம்மேளனத்தின் விதிப்படி ரவையோ, ரவை போட்ட மெகசினோ துவக்கைத் தொட்டாலே அது நிரப்பிய துவக்குத்தான், உத்தரவு வர முன் தொட்டால் பிழை. நகர்ந்து நகர்ந்து சுடுகிற பிரக்டிகல் சூட்டிங்கில் இடுப்புப் பட்டையில் நிரப்பிய மெகசின் தொங்கவிடலாம், ஆனால் பாதுகாப்புப் பகுதி என்று குறித்த இடத்தில் ரவையைக் கையால் எடுத்தாலே, அது மருந்தில்லாத டம்மியாக இருந்தாலும், போட்டியை விட்டு வெளியே. அங்கே துவக்கைக் கையாளலாம், ரவையைத் தொடக் கூடாது. திரும்பி வரும்போது வெற்றுக் கோதுகளையும் பையில் அள்ளிப் போடாதீர்கள், அவற்றோடு ஒரு நல்ல ரவை கலந்து வரும்.

வெளிநாட்டுப் போட்டி என்றால் விமானம். சர்வதேச விதி தெளிவாக இருக்கிறது: ரவை ஒருவருக்கு பொதியோடு சேர்த்து 5 கிலோ, சொந்தப் பாவனைக்கு மட்டும், விமான நிறுவனத்தின் முன் அனுமதியோடு, செக்-இன் பொதியில், உறுதியான பெட்டியில். இரண்டு பேருடைய பங்கை ஒரே பெட்டியில் சேர்க்க முடியாது. .22 என்றால் 5 கிலோவில் ஆயிரத்துக்கு மேல் போகும். டிராப், அதாவது பறக்கும் மண் தட்டைச் சுடுகிறவர்களுக்குத்தான் கஷ்டம், 24 கிராம் சன்னம் போட்ட பன்னிரண்டு போர் தோட்டா 25 கொண்ட பெட்டி கிட்டத்தட்ட ஒரு கிலோ வரும், நாலு பெட்டியோடு நிறுத்திக்கொள்வது நல்லது. இங்கிருந்து வெளியே கொண்டுபோகப் பாதுகாப்பு அமைச்சு அனுமதி, போகிற நாட்டின் இறக்குமதி அனுமதி, இரண்டையும் டிக்கெட் போடுவதற்கு முன்பே ஆரம்பியுங்கள்.

மெகசின் விஷயத்தில் நாட்டுக்கு நாடு வித்தியாசம். அமெரிக்க விமான நிலையங்களில் நிரப்பிய மெகசினைக் கூடப் பெட்டிக்குள் பத்திரமாக வைத்துப் பூட்டினால் செக்-இன் பண்ணலாம், ஆனால் அது துவக்கில் மாட்டியிருந்தால் நிரப்பிய துவக்கு. கைப்பையில் வெறும் மெகசின் கூடாது. அங்கே காரில் மாநிலம் விட்டு மாநிலம் போகும்போது 1986ஆம் ஆண்டுச் சட்டப்படி துவக்கு காலியாக, துவக்கும் ரவையும் கைக்கெட்டாத இடத்தில் இருக்க வேண்டும். டிக்கி இல்லாத வண்டியில் பூட்டிய பெட்டியில், அதுவும் முன் லாச்சி கணக்கில் வராது. நியூயோர்க்கில் பத்து ரவைக்கு மேல் பிடிக்கிற மெகசினே பிரச்சினை. அங்குள்ள மச்சான் "இங்கே எல்லாரும் நிரப்பித்தான் கொண்டு போறாங்க" என்று வட்ஸ்அப்பில் சொன்னால், அது அவனுடைய மாநிலத்துக்கு மட்டும் சரியாக இருக்கும்.

இந்தியா நமக்குப் பக்கம், அடிக்கடி போகிறோம், ஆகவே இதைக் கவனியுங்கள். சென்னையிலோ திருச்சியிலோ பையில் ஒரே ஒரு உயிர் ரவை அகப்பட்டாலும் 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தில் வழக்குப் பதிவாகும். தெரிந்து வைத்திருந்தால்தான் குற்றம் என்று நீதிமன்றங்கள் சொல்லியிருக்கின்றன, ஆனால் அது தீர்ப்பில் வருகிற வரி, அதுவரை பாஸ்போர்ட்டும் நீங்களும் அங்கேதான். அதனால் சுடுதளத்துக்கு ஒரு பை, பயணத்துக்கு இன்னொரு பை. இரண்டையும் கலக்கவே வேண்டாம். கலந்துவிட்டால் ஒவ்வொரு மடிப்பிலும் விரலை விட்டுத் தடவுங்கள், ஜாக்கெட் பொக்கெட், சப்பாத்துக்குள், கண்ணாடிக் கூடு உட்பட.

கட்டிலுக்கடியில் உருண்ட அந்த ரவையைக் கிளப் ஆயுத அறையில் கொடுத்துப் பதிவுப் புத்தகத்தில் எழுத வைத்தேன். குப்பையிலோ ஆற்றிலோ போடாதீர்கள், பிள்ளைகள் கையில் கிடைத்து அடுப்புக்குள் போன கதைகள் தோட்டத்தில் நிறைய உண்டு. விமான நிலைய வாசலில் நிற்கும்போதுதான் ஞாபகம் வருகிறது என்றால் கழிவறைக் கூடையில் போட்டுவிட்டு நழுவப் பார்க்க வேண்டாம். ஸ்கேனருக்குள் பை போவதற்கு முன் அங்கே நிற்கிற அதிகாரியிடம் போய், பையைத் திறக்காமல், உள்ளே ரவை ஒன்று இருக்கலாம் என்று சொல்லுங்கள். விமானம் தப்பிப் போகலாம், அடுத்ததில் போய்க்கொள்ளலாம்.