மூட்டு வலிக்குப் பழம்: எங்கே தவறு செய்கிறோம்?

மூட்டு வலி என்றதும் "தினமும் இந்தப் பழத்தைச் சாப்பிடுங்க" என்று சொல்ல நாலு பேர் வந்துவிடுவார்கள். என்ன மூட்டு வலி என்று கேட்பவர்கள்தான் குறைவு. வயதாக ஆக முழங்கால் தேய்வது வேறு. யூரிக் அமிலம் கூடி, ராத்திரியில் திடீரென்று கால் கட்டைவிரல் வீங்கித் துடிப்பது வேறு. உடம்பின் எதிர்ப்புச் சக்தியே மூட்டைத் தாக்கும் முடக்குவாதம் வேறு. இது தெரியாமல் பழத்தைத் தேர்ந்தெடுப்பதில்தான் மற்ற தவறுகள் தொடங்குகின்றன.

யூரிக் அமிலம் உள்ளவர்கள் காலையில் ஜூஸ் குடிப்பதைப் பார்த்தால் எனக்கு மனசு கேட்காது. பழச்சர்க்கரையான ஃப்ரக்டோஸைக் கல்லீரல் கையாளும்போது யூரிக் அமிலம் உண்டாகிறது. சாத்துக்குடியைச் சுளையாக மென்று தின்றால் ஒன்றோடு போதும் என்று தோன்றும். நார்ச்சத்தும் சர்க்கரையை மெதுவாகத்தான் உள்ளே விடும். ஒரு டம்ளர் ஜூஸிலோ மூன்று நான்கு பழம் போய்விடுகிறது, மேலே சீனி வேறு. பழத்தைப் பழமாகவே சாப்பிடுங்கள்.

யூரிக் அமிலத்தால் வரும் இந்த மூட்டு வலிக்குச் செர்ரி நல்லது என்பதற்கு ஓரளவு ஆதாரம் உண்டு. 2012இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்றில் 633 நோயாளிகளைக் கவனித்தார்கள். செர்ரி சாப்பிட்ட இரண்டு நாட்களில் வலி திடீரென்று தாக்குவது 35 சதவீதம் குறைவாக இருந்தது. அதை முழங்கால் தேய்மானத்துக்கான மருந்தாக எடுத்துக்கொள்ள முடியாது. அப்புறம், பேக்கரி கேக்கின் மேல் சிவப்பாக இருக்கும் 'செர்ரி' பெரும்பாலும் சாயமேற்றிச் சீனிப்பாகில் ஊறவைத்த களாக்காய்.

புளிப்பு சாப்பிட்டால் வாதம் கூடும் என்று என் அம்மா பல வருஷம் ஆரஞ்சையும் நெல்லிக்காயையும் தொடவே இல்லை. கொய்யா குளிர்ச்சி என்று அதையும் ஒதுக்கினார். பழத்தின் புளிப்பு மூட்டில் போய்த் தங்குவதில்லை. குருத்தெலும்பிலுள்ள கொலாஜன் என்ற புரதத்தை உருவாக்க வைட்டமின் சி வேண்டும். 100 கிராம் கொய்யாவில் அது 200 மில்லிகிராமுக்கு மேல், ஆரஞ்சில் இருப்பதைப் போல நான்கு மடங்கு. விலையும் குறைவு. ஒதுக்க வேண்டிய பழமா அது?

முழங்கால் தேய்ந்தவர்களுக்குப் பழம் செய்யும் பெரிய உதவி எடை குறைவதில்தான். உடம்பில் ஒரு கிலோ குறைந்தால், ஒவ்வொரு அடி வைக்கும்போதும் முழங்காலில் இறங்கும் பாரம் சுமார் 4 கிலோ குறைகிறது. ஆனால் வயிறு நிறையச் சோறு சாப்பிட்டு, அதற்கு மேல் இரண்டு மாம்பழம் சாப்பிட்டால் எடை கூடத்தான் செய்யும். சாயங்கால வடை, மிக்சருக்குப் பதிலாகப் பழம் சாப்பிட்டுப் பாருங்கள்.

வலி மாத்திரையை வருஷக்கணக்கில் விழுங்குபவர்களுக்குச் சிறுநீரகம் கெடலாம். அப்படிக் கெட்டிருந்தால் நட்சத்திரப் பழம் ஒன்றுகூட ஆபத்து. விக்கல், குழப்பம், வலிப்பு என்று போய் உயிருக்கே முடியலாம். வாழைப்பழத்தையும் இளநீரையும் அவர்கள் மருத்துவரிடம் கேட்டுத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும்.

முடக்குவாதத்துக்கு மாத்திரை சாப்பிடுபவர்கள், பழத்தை நம்பி அதை நிறுத்தவே கூடாது. அப்படி நிறுத்தி மூட்டு சிதைந்துவிட்டால் அது பழையபடி ஆகாது. ஒரு மூட்டு மட்டும் திடீரென்று சிவந்து, சூடாகி, காய்ச்சலும் வந்தால் உள்ளே கிருமித்தொற்று இருக்கலாம். எந்த வைத்தியமும் பார்த்துக்கொண்டிருக்காமல் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.